சிறுவர் சித்திரத் தொடர்களில் நகையும் இருளும்

உள்ளத்தில் எழுந்து மெய்யின்கண் புலனாகும் உணர்வுகளைத் தொல்காப்பியம் மெய்ப்பாடு எனப் பெயரிட்டு எட்டாக வகுத்து, ஒவ்வொன்றற்கும் நந்நான்கு நிலைக்களன் காட்டி 32 ஆக விரித்துரைக்கின்றது. அவ்வெட்டனுள் முதற்கண் நிற்பது நகை. அதன் அருகிலேயே நிற்பது அழுகை. நகை பிறக்கும் இடங்களுள் இளமையும் பேதைமையும் எண்ணப்படுகின்றன. அழுகை பிறக்கும் இடங்களுள் இழவு எண்ணப்படுகின்றது. அச்சம் பிறக்கும் இடங்களுள் அணங்கும் விலங்கும் எண்ணப்படுகின்றன. இவற்றை ஒருசேர நோக்குவார்க்கு ஓர் உண்மை புலப்படும். குழந்தைக்கெனப் புனையப்படும் கதையில் இளமையும் பேதைமையும் நகைக்கு வித்தாகின்றன. பேயும் கொடுவிலங்கும் அச்சத்துக்கு வித்தாகின்றன. தாயைப் பிரிந்த கன்றும் தந்தையை இழந்த சிறுவனும் அழுகைக்கு வித்தாகின்றனர். எனவே நகையும் இருளும் ஒருங்கே நிற்றல் சிறுவர் கதையின் இயல்பேயாம்.

அக்கதை இக்காலத்தே பாட்டியின் மடியிலிருந்து தொலைக்காட்சித் திரைக்குப் பெயர்ந்துள்ளது. சித்திரங்களை அசைவித்து உயிருடையன போலக் காட்டும் தொடர்கள் கார்ட்டூன் என்னும் பெயரால் வீடுதோறும் வழங்குகின்றன. அவற்றைப்பற்றிப் பெற்றோரும் ஆசிரியரும் கூறுவன பெரும்பாலும் இரண்டு. சிரிப்பு மிகுமாயின் வீண்பொழுது என்பர். அச்சமும் சாவும் வருமாயின் குழந்தைக்கு ஒவ்வாதது என்பர். இவ்விரு தீர்ப்புக்கும் அடியில் ஒரே கருத்து மறைந்து நிற்கின்றது. நகையும் இருளும் ஒரு தராசின் இரு தட்டுக்கள், ஒரு தட்டில் மிகுந்ததற்கு மறுதட்டில் ஈடு வைத்தால் சமநிலை வந்துவிடும் என்பதே அக்கருத்து. அது பொருந்துமா என்பதைச் சில தொடர்களை எடுத்து ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆராய்ச்சிக்கு ஏற்ற உரைகல் ஒன்று ஈழத்தின் கீழ்க்கரையில் உளது. அம்பாறை மாவட்டத்தின் கடலோரமாக மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனத் தமிழ் பேசும் முஸ்லிம் மக்கள் செறிந்து வாழும் ஊர்கள் அணிவகுத்துக் கிடக்கின்றன. பாண்டிருப்பு, காரைதீவு முதலிய இந்துத் தமிழூர்கள் அவற்றிடையே விரவியுள்ளன. 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள் காலை எழுந்த ஆழிப்பேரலை இலங்கையில் 30,000க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. மாவட்டங்களுள் பேரிழப்புற்றது அம்பாறையே. அங்கு மட்டும் மாண்டோர் தொகை 10,000ஐக் கடந்தது. பள்ளிவாசலுக்குச் செல்வோர் வீட்டிலும் கோயிலுக்குச் செல்வோர் வீட்டிலும் அன்று எழுந்த ஓலம் ஒன்றே. அந்நாளிற் சிறுவராயிருந்தோர் இன்று தாய்தந்தையராகித் தம் மக்களுக்கு எத்தொடரைக் காட்டலாம் எனத் தேரும் நிலையில் உள்ளனர். அவ்வீடுகளில் கடல் விளையாடும் இடமும் ஆகும். போனவரை நினைந்து வாய்மூடி நிற்கும் இடமும் ஆகும். அத்தகைய ஊரிற் பிறந்த குழந்தைக்கு இருளை மறைத்துவைத்தல் எவர்க்கும் இயலாது. படமாய் மாட்டப்பட்டிருக்கும் மாமன் யார், அவன் எங்கே என்று அது கேட்டே தீரும். ஆதலின் அக்குழந்தைக்குரிய கதை யாது என்னும் வினா அங்கே வெறும் பொழுதுபோக்குப் பற்றியதாகாது.

இருளைக் குழந்தைக்குக் காட்டலாகாது என்னும் கொள்கையை முன்னோர் ஏற்றிலர். தாய்வடிவில் வந்து நச்சுப்பால் ஊட்ட முயன்ற பூதனையின் கதையையும் வெண்ணெய் திருடி அகப்பட்ட கண்ணனின் கதையையும் ஒரே இரவில், ஒரே வாயிற் கேட்டு வளர்ந்தனர் இந்துக் குழந்தைகள். கீழைநாடுகள் யாவும் அறிந்த ஆயிரத்தோர் இரவுகள் என்னும் அரபுக் கதைத்தொகுதியோ, விடிந்தால் கொல்லப்படுவாள் என்னும் நிலையில் உள்ள ஒருத்தி கதை சொல்வதாகவே அமைந்தது. அதன்கண் வரும் கூனன் கதை ஈண்டு நினைக்கத்தக்கது. தையற்காரன் வீட்டு விருந்தில் மீன்முள் தொண்டையிற் சிக்கிக் கூனன் ஒருவன் வீழ்கின்றான். அவன் இறந்தான் எனக் கருதிய தையற்காரன் உடலை மருத்துவன் வீட்டில் விட்டு ஓடுகின்றான். மருத்துவன் அதனை அண்டைவீட்டில் இறக்குகின்றான்; அவ்வீட்டான் கடைத்தெருவிற் சாத்திவைக்கின்றான். பழி ஒருவர் தலையிலிருந்து மற்றொருவர் தலைக்கு ஏறிக்கொண்டே போகின்றது. இறுதியில் குற்றமற்ற ஒருவன் தூக்குமரத்தின்கீழ் நிற்கும்போது, முன்னர் ஒளித்தோர் ஒவ்வொருவராய்க் கொன்றவன் தானே என முன்வருகின்றனர். பின்னர் முள் எடுக்கப்படக் கூனன் உயிர்த்தெழுகின்றான். இக்கதையில் நகை சாவின்மேற் பூசப்பட்ட வண்ணமாக இல்லை. சாவச்சத்தின் உள்ளிருந்தே அது கிளைக்கின்றது. நகைத்துக்கொண்டிருக்கும் குழந்தை, தன் பழிக்குப் பிறன் கழுத்தை ஈடுகொடுத்தல் ஆகாது என்னும் அறத்தைத் தன்னையறியாமலே பெற்றுக்கொள்கின்றது.

இப்பழங்கதைகளை அளவுகோலாகக் கொண்டு திரைத் தொடர்களை நோக்கலாம். முதற்கண் வைத்து எண்ணத்தக்கது டொம் அன்ட் ஜெரி. 1940இல் ஹன்னா, பார்பெரா என்னும் இருவர் திரையரங்குக்கெனத் தொடங்கிய இக்குறும்படங்கள் பின்னர்த் தொலைக்காட்சி வழியே உலகெங்கும் பரவின. பூனை நசுங்குகின்றது, தட்டையாகின்றது, எரிந்து கரியாகின்றது. மறுகணம் பழைய வடிவோடு ஓடுகின்றது. இங்கு துன்பம் உண்டு. துன்பத்தின் விளைவு இல்லை. இழவு என்பது அவ்வுலகில் நிகழவே மாட்டாது. ஆதலின் அந்நகை தூய நகை. அதனைக் குறைகூறுதல் வேண்டா. ஆயினும் உண்மையில் ஒன்றை இழந்த குழந்தைக்கு அது சிறிதுநேர மறதியைத் தருமேயன்றி வேறெதனையும் தரவியலாது.

இரண்டாவது வகைக்கு எடுத்துக்காட்டாவது 1969இல் அமெரிக்கத் தொலைக்காட்சியிற் தோன்றிய ஸ்கூபி டூ. சிறுவர் சித்திரங்களில் அடிதடி மிகுந்துவிட்டதென அந்நாட்டுப் பெற்றோர் முறையிட்ட காலத்தில், அம்முறையீட்டுக்கு இணங்க உருவானது அது. பாழடைந்த மாளிகை, பேயுருவம், இருட்டறை என அச்சத்துக்குரிய யாவும் அதில் உண்டு. அஞ்சி நடுங்கும் நாயும் அதன் தோழனும் நகை விளைக்கின்றனர். முடிவிலோ பேயின் முகமூடி கழற்றப்படுகின்றது; உள்ளே இருப்பவன் பணத்தாசை கொண்ட மனிதன் ஒருவன். பேய் என்று ஒன்றில்லை, ஆராய்ந்தால் அச்சம் அகலும் என்னும் பாடம் நல்லதே. ஆயினும் எல்லா இருளும் முகமூடியன்று. கல்முனைக் கரைக்கு வந்த அலையின் முகத்திலிருந்து கழற்றுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. அச்சம் பொய்யென்று காட்டியே அதனை ஆற்றும் கதை, மெய்யான அச்சத்தின்முன் பேச்சற்றுப்போகின்றது.

இந்தியச் சிறுவர் தொடர்களுட் புகழ்மிக்க சோட்டா பீமும் ஈண்டு ஆராயத்தக்கது. ஹைதராபாத்திலுள்ள கிரீன் கோல்ட் நிறுவனம் ஆக்க, 2008இல் போகோ தொலைக்காட்சியில் வெளிவரத்தொடங்கிய தொடர் அது. தோலக்பூர் என்னும் ஊருக்கு அரக்கராலும் பகைவராலும் இடர் வருகின்றது. லட்டு உண்டு வலிமைபெற்ற பீமன் அதனைத் தீர்க்கின்றான். செருக்கும் பெருந்தீனியும் உடைய காலியா நகைக்கு இலக்காகின்றான். மிக இளைய குழந்தைக்கு இவ்வளவே போதும் எனலாம். எனினும் நகை பெரிதும் எள்ளலின்பாற்பட்டு ஒருவன்மேல் நிற்கின்றது. இடரோ வேறொரு திசையிலிருந்து வருகின்றது. இரண்டும் அடுத்தடுத்து நிகழ்கின்றனவேயன்றி ஒன்றையொன்று தொடுவதில்லை. ஊரையே நெருக்கிய இடர் நீங்கியபின் எவர் வீட்டிலும் ஒரு வெற்றிடம் எஞ்சுவதில்லை. தராசுக் கொள்கையின்படி இத்தொடர் சமநிலை உடையதே. ஆயினும் குழந்தையின் நெஞ்சில் அது இருளைப்பற்றி எதனையும் விட்டுச்செல்லவில்லை. அக்கொள்கையின் குறைபாடு இங்கேதான் வெளிப்படுகின்றது.

நகையும் அச்சமும் உண்மையில் ஒன்றையொன்று தொடுவதைக் காண விழைவோர் 1999 முதல் 2002 வரை வெளிவந்த கரேஜ் என்னும் கோழைநாயின் தொடரை நோக்குதல் வேண்டும். ஜோன் டில்வர்த் என்பவர் படைத்த அத்தொடரில், மனித நடமாட்டமற்ற வெளியிலே கிழவனும் கிழவியுமாக இருவர் வாழும் தனிவீட்டை ஒவ்வொரு நாளும் ஓர் அணங்கு அணுகுகின்றது. குட்டிப் பருவத்திற் கைவிடப்பட்டுக் கிழவியால் எடுத்து வளர்க்கப்பட்ட நாய் அதனைக் கண்டு நடுங்குகின்றது. கண் பிதுங்க, பல் உதிர, உடல் சிதற நடுங்குகின்றது. அந்நடுக்கமே நகைக்கு வித்து. ஆயினும் அந்நாய் ஓடிப்போவதில்லை. நடுங்கிக்கொண்டே கிழவியைக் காக்கின்றது. அஞ்சாதவன் வீரன் என்பது பெரியோர் கதை. அஞ்சிக்கொண்டே நிற்பவனும் வீரன் என்பது இத்தொடர். தன் அச்சத்தை வேறோர் உயிரின்மேற் கண்டு நகைக்கும் குழந்தை, அஞ்சுதல் இழிவன்று என உணர்கின்றது. அச்சத்துக்கும் பெருமிதத்துக்கும் இடையே நகையைப் பாலமாக இட்டதே இத்தொடரின் அருமை.

இழவைப் பொருளாகக்கொண்டு நகையைக் கைவிடாத தொடர் அவதார் என்பது. டிமார்ட்டினோ, கொனியெட்ஸ்கோ என்னும் இருவர் படைக்க, 2005 முதல் 2008 வரை நிக்கலோடியன் தொலைக்காட்சியில் 61 பகுதிகளாக வெளிவந்தது. நூறாண்டு பனிக்கட்டியில் உறைந்துகிடந்து விழித்த ஆங் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவனே அதன் தலைவன். அவன் உறங்கிய காலத்தில் நெருப்பு நாட்டார் அவனுடைய குலம் முழுவதையும் அழித்துவிட்டனர். மூன்றாம் பகுதியில் அவன் தான் வளர்ந்த கோயிலுக்கு மீள்கின்றான். தோழருக்கு விளையாட்டிடங்களைக் காட்டி மகிழ்கின்றான். பசியால் வாடும் சொக்கா என்னும் தோழன் அங்கே காணப்பட்ட சிறுவிலங்கு ஒன்றைப் பிடித்து உண்ண எண்ணித் துரத்துகின்றான். ஆங்கும் அதனைக் காக்க வேண்டி உடன் ஓடுகின்றான். நகைமிக்க அவ்வோட்டம் எங்கே முடிகின்றது? சிறுவனை வளர்த்த ஆசானின் என்புக்கூட்டின் முன்னர் முடிகின்றது.

இவ்வமைப்பின் நுட்பம் நோக்கற்பாலது. நகைக்கு ஒரு வழியும் துயருக்கு வேறொரு வழியும் வகுக்கப்படவில்லை. ஒரே ஓட்டம் முதலிற் சிரிக்கவைத்துப் பின்னர்த் திடுக்கிடவைக்கின்றது. சிறுவனின் துயர் வெகுளியாகப் பொங்கியபோது அவனை ஆற்றுவது நகையன்று. தானும் தாயை இழந்தவள் எனக் கூறி அவன் கைபற்றும் கட்டாரா என்னும் சிறுமியின் சொல்லே அவனை ஆற்றுகின்றது. அதன்பின்னரே நகை மீள்கின்றது: முன்னர்த் துரத்தப்பட்ட அச்சிறுவிலங்கு சொக்காவுக்கு உணவு கொணர்ந்து வைக்கின்றது, அவன் கையிலிருந்த பழத்தைப் பறித்து உண்டு தனக்கொரு பெயரும் பெறுகின்றது. ஆனால் இறந்தோர் மீளவில்லை. தானும், தன் பறக்கும் எருதும், இச்சிறுவிலங்கும் மட்டுமே அவ்விடத்தின் எச்சம் என்பதைச் சிறுவன் உணர்ந்தே செல்கின்றான். நகை மீண்டபோதும் இழவு இழவாகவே நிற்கின்றது.

அத்தொடரிலேயே 2006இல் வெளிவந்த வேறொரு பகுதி, ஐரோ என்னும் முதியவர் ஒரு நகரில் ஒரு நாளைக் கழிப்பதைச் சித்திரிக்கின்றது. அழும் குழந்தைக்குப் பாட்டுப் பாடுகின்றார். குழந்தையோ அவர் தாடியைப் பிடித்திழுக்கின்றது. தம்மை வழிப்பறிசெய்ய வந்தவனுக்குக் கால்களை ஊன்றி நிற்கும் முறையைத் திருத்திச் சொல்லித்தருகின்றார். காண்போர் நகைத்துக்கொண்டே செல்லும்போது பொழுது சாய்கின்றது. முதியவர் குன்றின்மீது ஒரு மரத்தடியில் அமர்ந்து, போரில் மாண்ட தம் மகனின் படத்தை வைத்து, காலையிற் பிறர் குழந்தைக்குப் பாடிய அதே பாட்டைக் கண்ணீரோடு பாடுகின்றார். அன்று முழுவதும் அவர் செய்த நகைச்செயல்கள் யாவும் ஒரு தந்தையின் செயல்கள் என்பது அப்போதுதான் தெரிகின்றது. முதியவருக்குக் குரல்கொடுத்த மாக்கோ என்னும் நடிகர் அவ்வாண்டிலேயே காலமானார். அப்பகுதி அவர் நினைவுக்கு உரித்தாக்கப்பட்டது.

இருள் மிகுந்து நகையை விழுங்கிய இடங்களும் உள, அவற்றையும் மறைத்தலாகாது. டொம் அன்ட் ஜெரி வரிசையிலேயே 1956இல் வெளிவந்த ஒரு குறும்படம், காதலில் தோற்ற பூனையும் எலியும் தண்டவாளத்தில் அமர்ந்திருக்கத் தொலைவிற் புகைவண்டியின் ஊதல் நெருங்குவதோடு முடிகின்றது. அங்கு கைபற்றுவார் ஒருவரும் இல்லை. நகைக்காகவே பிறந்த உருவங்களை வெளியேறும் வழியற்ற துயரில் விட்டுவிடுதல் சிறுவருக்குச் செய்யும் தீங்கு. அவதாரில் என்புக்கூடு காட்டப்படுகின்றது. இதில் அத்தகையதொன்றும் காட்டப்படவில்லை. ஆயினும் குழந்தைக்கு ஒவ்வாதது இதுவே. இருளின் அளவு பொருளன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. அவ்விருளிற் குழந்தை தனித்து விடப்படுகின்றதா, துணையோடு நடத்தப்படுகின்றதா என்பதே பொருள்.

இனி, மொழிபற்றிய ஒரு கூறு எஞ்சி நிற்கின்றது. இலங்கையில் ரூபவாஹினி 1982ஆம் ஆண்டு மாசி 15ஆம் நாள் தொடங்கியபின், திரைப்பட நெறியாளர் டைட்டஸ் தொட்டவத்த அயல்நாட்டுச் சித்திரத் தொடர்களைச் சிங்களத்தில் ஆக்கினார். டொக்டர் டூலிட்டில் தொடர் ‘தொஸ்தர ஹொந்த ஹித’ ஆயிற்று. மூலத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்காது, சிங்களச் சிற்றூர்ப் பேச்சின் நயத்தோடு உரையாடலைப் புதிதாய் அமைத்தமையால், அவை பெயர்ப்பு என்னும் எண்ணமே காண்போர்க்கு எழவில்லை. ஈழத்துத் தமிழ்க் குழந்தைக்கு அத்தகைய பேறு வாய்க்கவில்லை. 2007இல் சுட்டி டிவி தொடங்கப்பட்டபின் ‘ஜாக்கி சான்’ முதலிய தொடர்கள் தமிழ் பேசின; ஆயினும் அவை பேசியது சென்னைத் தமிழ். அத்தமிழின் நகையைக் கல்முனைக் குழந்தை திரைப்படப் பழக்கத்தால் எளிதிற் பற்றிக்கொள்ளும். துயரின் நிலை அவ்வாறன்று. உம்மா, வாப்பா, காக்கா என அழைத்துப் பழகிய நெஞ்சுக்கு, இழவு பேசும் இடத்தில் அவ்வழைப்புக்களே வேண்டும். நகை இரவல் மொழியிலும் உயிர்வாழும். அழுகை வீட்டுமொழியையே நாடும். மொழிமாற்றுவோர் துயரக் காட்சியின் அமைதியை வெற்றிடம் எனக் கருதி அங்கும் ஒரு நகைமொழியைத் திணிப்பாராயின், மூலத்தின் சமநிலை முழுவதும் குலைந்துபோம். முதியவர் மரத்தடியில் அமரும் இடத்தில் வேண்டுவது மௌனமே.

மேற்கூறியவற்றாற் பெறப்படுவன மூன்று. நகையும் இருளும் ஒரே பாத்திரத்தின், ஒரே செயலின் வழியாகப் பிறத்தல் வேண்டும். நகை மீண்டபின்னும் இழவு மெய்யாகவே நிற்றல் வேண்டும். இருளினூடே குழந்தைக்கு ஒரு துணைக்கை இருத்தல் வேண்டும். இம்மூன்றும் உள்ள தொடரில் சாவு வருதல் குற்றமன்று. இம்மூன்றும் அற்ற தொடரில் ஓயாத சிரிப்பும் ஊட்டமாகாது. தராசின் சமநிலை தட்டுக்கள் அசையாது நிற்பதில் உளது. தோணியின் சமநிலையோ அலையோடு அசைந்தும் கவிழாமையில் உளது. சிறுவர் கதைக்குரியது பின்னதே.

கல்முனைக்கு அண்மையிலுள்ள காரைதீவில் 1892இற் பிறந்த விபுலாநந்த அடிகள், ஷேக்ஸ்பியரின் பன்னிரு நாடகங்களை எடுத்துக்கொண்டு, தமிழ் நாடக இலக்கணத்தோடும் வடமொழித் தசரூபகத்தோடும் இயைத்து ‘மதங்க சூளாமணி’ என்னும் நூலை 1926இல் வெளியிட்டார். அயல்நாட்டுக் கலையை அஞ்சி விலக்காமலும் வியந்து மயங்காமலும், தம் மரபின் உரைகல்லில் உரைத்துப் பார்த்தமையே அந்நூலின் பெருமை. அவ்வுரைகல் இன்றும் தேய்ந்துவிடவில்லை. மேடை நாடகத்துக்கு அடிகள் செய்ததைச் சிறுவர் திரைக்குச் செய்தல் இன்றைய தமிழாசிரியர்க்கும் மாணவர்க்கும் உரிய பணி. ஆய்வோடு அமையாது, அக்கரையின் பேச்சிலேயே அக்கரையின் குழந்தைகளுக்கு ஒரு சித்திரத் தொடரை ஆக்கவும் எவரேனும் முன்வருவாராயின், அதில் மீனவர் நகையும் இருத்தல் வேண்டும். படமாய்ச் சுவரில் நிற்கும் மாமனும் இருத்தல் வேண்டும். குழந்தை கேட்கும் வினாவுக்கு விடைசொல்லத் தயங்கி நிற்கும் தாய்க்கு அத்தகைய கதை ஒரு துணையாகும்.